ஈரலில் கத்தி வைத்த கதை

நுகேகொடையில் 138ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் கையில் ஸ்கேன் உறை வைத்திருப்பவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்தால் போதும், நோய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எனக்குப் பாதி விளங்கிவிடும். ஹைலெவல் வீதியில் ஒரு பக்கம் மஹரகம. அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரி, இப்போதைய பெயர் அபேக்ஷா. மறுபக்கம் போகிறவர்கள் டவுன் ஹோலடியில் இறங்கிப் பெரியாஸ்பத்திரிக்கு நடப்பார்கள். இது போதாதென்று ஊருக்குள்ளேயே தலபத்பிட்டியில் ஜப்பான் அரசு 1984இல் கட்டிக்கொடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர ஆஸ்பத்திரி, கொஞ்சம் தள்ளிக் களுபோவில. நாலு பக்கமும் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் ஒரு பழைய தியேட்டர் நேர்ஸ் குடியிருந்தால் கேற்றடிக்கு ஆட்கள் வராமல் இருப்பார்களா?

இப்போது அடிக்கடி வருகிற கேள்வி ஒன்றுதான். பெருங்குடலில் புற்றுநோய், அது ஈரலுக்கும் போய்விட்டது, ஈரலில் ஒபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். “அன்ரி, வெட்டிச் செய்யிறது நல்லதா, ஓட்டை போட்டுச் செய்யிறது நல்லதா?”

எழுபதுகளின் கடைசியில் நான் தியேட்டருக்குள் காலடி வைத்தபோது இப்படி ஒரு கேள்வி இருக்கவேயில்லை. குடலில் இருந்து ஈரலுக்குப் போய்விட்டது என்றால் பேச்சு அதோடு முடிந்தது. சி.டி. ஸ்கேன் என்பதைப் புத்தகத்தில் மட்டும் படித்த காலம். ஈரலுக்குப் போய்விட்டதா என்று தெரிவதே வயிற்றைத் திறந்த பிறகுதான். குடல் கட்டிக்காகத் திறப்பார்கள். திறந்ததும் சேர்ஜன் குடலைத் தொடமாட்டார். வலது கையை விலாவுக்கு அடியில், உதரவிதானத்துக்கும் ஈரலுக்கும் இடையில், மணிக்கட்டு மறையும்வரை விடுவார். அவர் கண் எங்கோ சுவர் மணிக்கூட்டில் நிற்கும். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் விரல் நுனியில்தான். ஈரல் வழுவழுவென்று இருந்தால் கை இரண்டு மூன்று தரம் போய்வந்து வெளியே வரும், வேலை தொடரும். சில நாள் கை ஓர் இடத்தில் நின்றுவிடும். பக்கத்தில் நிற்கிற மாணவனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைப்பார். கல் போன்ற கட்டி, நடுவில் ஒரு சின்னப் பள்ளம். குடலில் இருந்து வந்தது என்பதற்கு அந்தப் பள்ளம்தான் அடையாளம். மாணவன் தலையாட்டுவான். எனக்கு அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று தெரியும். குடலை வெட்டும் கருவிகளை ஒதுக்கிவிட்டு, மூடுவதற்கான நூலை எடுத்து வைப்பேன். மலம் போக ஒரு வழி செய்துவிட்டு மூடுவோம்.

“திறந்து பார்த்திட்டு மூடிட்டினம்” என்ற வசனத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் கொழும்பில் இல்லை. அப்படி மூடப்பட்டவர்கள் சில மாதத்தில் போய்விடுவார்கள். பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர் என்ன நினைப்பார்கள்? கத்தி பட்டதால்தான் பரவியது என்றுதான். கொட்டாஞ்சேனையில் நான் பிறந்த ஒழுங்கையில் இருந்து வெள்ளவத்தை வரைக்கும் இந்த நம்பிக்கை உறுதியாக இருந்தது, இன்றும் இருக்கிறது. கத்தி பட முன்னமே பரவியிருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? கண் முன்னால் நடந்தது அதுதானே.

ஈரலில் கத்தி வைக்கவே இல்லையா என்றால், வைத்தோம். சீழுக்கு வைத்தோம். அமீபா கிருமியால் ஈரலில் சீழ் கட்டுவது இந்த நாட்டின் பழைய வியாதி. யாழ்ப்பாணத்தில் கள் குடிக்கிற ஆண்களிடம் அது இன்னும் இருக்கிறது என்று அங்கேயுள்ள ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்கத்தாவில் லெனார்ட் றோஜர்ஸ் 1912இல் எமெற்றின் ஊசியைக் கொண்டுவந்த பிறகு அதற்கும் கத்தியின் தேவை குறைந்தது. ஊசியால் குத்தி எடுத்தால் வருகிற சீழின் நிறத்தை அன்ச்சோவி சோஸ் என்று பாடப்புத்தகம் சொல்லும். அன்ச்சோவி எதென்று தெரியாமலே மூன்று தலைமுறை மாணவர்கள் அதைப் பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்தார்கள். மற்றது விபத்து. பஸ்ஸில் அடிபட்டு ஈரல் கிழிந்து வருவார்கள். துணியை அடைத்து அமத்திப் பிடித்துக்கொண்டு இரத்தத்துக்கு ஆள் தேடுவோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் இரத்தம். நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் இரத்தம் ஈரலுக்குள்ளால் ஓடுகிறது. அதில் முக்கால் பங்கு குடலில் இருந்து நேரே வருகிற வாயில் நாளத்தில். குடல் புற்றுநோய் கிளம்பினால் முதலில் ஈரலில் போய்த் தங்குவதற்கும் இதே நாளம்தான் காரணம். கையையோ குடலையோ வெட்டினால் இரத்தக் குழாயைப் பிடித்துக் கட்டலாம். ஈரலில் கட்டப் போனால் நூல் சதையை அறுத்துக்கொண்டு கையோடு வந்துவிடும். வட்டிலப்பத்தில் தையல் போட்டுப் பார்த்தால் தெரியும். அதற்கென்று நுனி மழுங்கிய ஒரு பெரிய ஊசி எங்கள் தட்டில் இருந்தது. வருஷத்தில் சில தரம் எடுப்போம், மற்ற நாளில் துடைத்து வைப்போம்.

சத்திரசிகிச்சை எங்களுக்கு நேற்று வந்த சங்கதி இல்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848இல் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கி, பிறகு அதைத் தமிழிலேயே நடத்தினார். ‘இரணவைத்தியம்’ என்ற அவருடைய தமிழ்ச் சத்திரசிகிச்சை நூல் வந்தது 1867இல். அதே வருஷம்தான் லிஸ்ரர் கிருமி கொல்லும் முறையை லண்டனில் அச்சில் வெளியிட்டார். கொழும்பில் 1864இல் பெரியாஸ்பத்திரி, 1870இல் வைத்தியக் கல்லூரி. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் எஸ்.சி. போல் அங்கே பெயர்பெற்ற சேர்ஜன். அவருடைய மகன் மில்ரோய் போல் 1936இல் இந்நாட்டின் முதலாவது சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஆனார். 1959 செப்டெம்பரில் சுடப்பட்ட பிரதமர் பண்டாரநாயக்காவைப் பெரியாஸ்பத்திரியின் மெர்ச்சன்ட்ஸ் வார்ட்டில் சேர்த்தபோது கத்தி பிடித்தவர்களில் பி.ஆர். அந்தோனிஸும் ஒருவர். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சேர்ஜன் என்றால் அந்தோனிஸ்தான், வேறு ஒருவரும் இல்லை. இவ்வளவு கைத்திறன் இருந்த ஊரில் புற்றுக்காக ஈரலை வெட்டுவது மட்டும் வழக்கமாகவில்லை.

வெளியே யார் வெட்டினார்கள்? பேர்லினில் கார்ல் லங்கன்புக் 1888இல் ஒரு பெண்ணின் ஈரலில் ஒரு துண்டை எடுத்தார். இரத்தம் மீண்டும் கசிந்ததால் திரும்பத் திறக்க வேண்டி வந்தது, ஆனாலும் அவள் பிழைத்தாள். கிளாஸ்கோவில் ஹோகார்த் பிறிங்கிள் 1908இல் ஓர் எளிய வழி எழுதினார். ஈரலுக்குள் இரத்தம் போகிற வாசலை விரலால் நெரித்துப் பிடி, உள்ளே வேலையைப் பார். அவர் கையாண்ட காயக்காரரில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை, முறை பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் ஈரலில் கை வைக்க முன்னம் அந்த வாசலைச் சுற்றி ஒரு நாடாவைப் போட்டு வைக்காத சேர்ஜன் அபூர்வம். “பிறிங்கிள் போட்டாச்சா?” என்று மயக்க மருந்து டொக்டர் கேட்பார், மணிக்கூட்டைப் பார்ப்பார். கால் மணித்தியாலம் அடைத்தால் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிற பெயர் ஹனோயில் இருக்கிறது. தொன் தாத் துங். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வியட்நாமிய இளம் டொக்டர். பிரேத பரிசோதனை மேசையில் வட்டப்புழு அடைத்து வீங்கிய ஓர் ஈரலைக் கண்டார். புழு புகுந்ததால் உள்ளே குழாய்களின் பாதை தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து இறந்தவர்களின் ஈரல் இருநூறை எடுத்துச் சதையைச் சுரண்டிச் சுரண்டிக் குழாய்கள் எந்த ஒழுங்கில் கிளை பிரிகின்றன என்று பார்த்தார். ஈரல் வெளியே ஒரே கட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே தனித்தனி வளவுகளாக இருக்கிறது, எல்லை தெரிந்தால் ஒரு வளவை மற்றதைக் கலைக்காமல் எடுக்கலாம். 1939இல் அவர் விரலால் ஈரல் சதையை நசுக்கினார். சதை விலகும், குழாய் மட்டும் நார்போல விரலில் தட்டும், அதைக் கட்டு, வெட்டு. பாரிஸ் பெரியவர்கள் அப்போது காது கொடுக்கவில்லை. 1952இல் பாரிஸிலேயே லொர்த்தா ஜக்கோப் வலப்பக்க ஈரலை ஒழுங்காக வெட்டி எடுத்ததும், 1957இல் குய்நோ ஈரலை எட்டுப் பகுதியாகப் பிரித்து இலக்கமிட்டதும் பாடமாகின. தாய்ப்பேயில் லின் 1958இல் விரல் முறையையே எழுதினார். கியோட்டோவில் ஹொன்ஜோ அதற்கும் முன்னமே வெட்டியிருந்தார். ஆசியாவில் இந்தக் கை வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. மஞ்சள் காமாலைக் கிருமியால் ஈரலிலேயே புற்று வருகிறவர்கள் அங்கே ஏராளம். வியாதி கூடின இடத்தில் கை பழகும். எங்களுக்கு அந்தக் கிருமி அவ்வளவு இல்லை, ஆகையால் கையும் பழகவில்லை.

குடலில் இருந்து வந்த கட்டியை ஈரலில் இருந்து எடுத்ததாக 1940இல் பொஸ்ரனில் கற்றெல் எழுதியிருக்கிறார். அது தனி ஆளின் துணிச்சல். 1977இல் பொஸ்ரரும் பேர்மனும் அமெரிக்காவில் 98 ஆஸ்பத்திரிகளின் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஈரல் வெட்டப்பட்ட 621 பேரில் 13 வீதம் பேர் ஒபரேஷனோடேயே இறந்திருந்தார்கள். பெரிய வெட்டு என்றால் 20 வீதம். ஐந்தில் ஒருவர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கணக்கு இது. எங்கள் சேர்ஜன்மார் கோழைகள் என்று நினைத்த நாள் உண்டு, பிறகு இந்தக் கணக்கைப் பார்த்தபோது அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்று நினைத்தேன்.

மாற்றம் கத்தியால் வரவில்லை. மயக்க மருந்துக்காரர் நாளத்தில் அழுத்தத்தைக் குறைத்துப் பிடிக்கப் பழகினார், கசிவு பாதியானது. ஜப்பானில் மக்கூச்சி ஒபரேஷன் நடக்கும்போதே ஈரல்மேல் அல்ட்ராசவுண்டை வைத்துக் குழாயைப் பார்த்து வெட்டினார். 1996இல் பிரான்சில் பிஸ்முத்தும் ஆதமும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வெட்டவே முடியாது என்று கைவிடப்பட்ட 330 பேருக்குப் புது மருந்து ஏற்றியதில் 53 பேரின் கட்டி சுருங்கி, வெட்டக்கூடிய அளவுக்கு வந்தது. அந்த 53 பேரில் 40 வீதம் ஐந்து வருஷம் தாண்டினார்கள். “திறந்து பார்த்து மூடுகிற” கூட்டத்தில் இருந்து பிரித்தெடுத்த ஆட்கள் அவர்கள். அந்த மருந்துகள் சும்மா விடவும் இல்லை. ஒன்று ஈரலை நீலம்பாரிக்க வைக்கும், இன்னொன்று மஞ்சளாகக் கொழுப்பேற்றும். வயிற்றைத் திறந்து ஈரலின் நிறத்தைப் பார்த்தே என்ன மருந்து ஏற்றியது என்று சொல்கிற பிள்ளைகள் இப்போது தியேட்டரில் இருக்கிறார்கள்.

இலங்கைக்கு இந்த வித்தை வந்தது ஆட்கள் மூலம். பட்டமேற்படிப்பு வைத்திய நிறுவகம் 1980இல் வந்த பிறகு, இங்கே இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்த சேர்ஜன் கட்டாயம் வெளிநாட்டில் பயிற்சி எடுத்துவர வேண்டும். இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள், சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள், சிலர் திரும்பினார்கள். திரும்பியவர்கள் கையோடு ஒரு பழக்கமும் வந்தது. ஈரலுக்கென்று தனியான சேர்ஜன், தனியான கிளினிக். இன்று ராகமையில் ஈரல் நோய்க்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ் நேர்ஸ்மாரும் டொக்டர்மாரும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனதில் எத்தனை பழகிய கைகள் போயின என்பது வேறு கதை, அதை இதற்குள் இழுக்கவில்லை.

இனி ஓட்டை. வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் விட்டுப் பார்க்கிற யோசனை பழையது. ஜேர்மனியில் கெலிங் 1901இலேயே ஒரு நாயின் வயிற்றில் அதைச் செய்து காட்டினார். பெண் நோய் டொக்டர்மார்தான் அதை வளர்த்தார்கள். கீல் நகரில் குர்த் செம் 1980இல் குடல்வாலை அப்படி எடுத்தபோது அவரை வேலையில் இருந்து நிறுத்த வேண்டும் என்று சேர்ஜன்மார் கத்தினார்கள். 1985இல் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தார், அவருக்கும் அதே மரியாதைதான். குழாய் முனையில் கமெராவைப் பொருத்தி டிவியில் எல்லோரும் பார்க்கலாம் என்றான பிறகே தடை உடைந்தது. பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் தெஹம்தன் உட்வாடியா 1990இல் பித்தப்பையை அப்படி எடுத்தார். கோயம்புத்தூரில் பழனிவேலு தொண்ணூறுகளில் தொடங்கி, ஜெம் ஆஸ்பத்திரியில் உணவுக்குழாய், கணையத் தலை என்று மற்றவர்கள் தொடப் பயந்ததை எல்லாம் துளை வழியே எடுத்தார். அதைக் கணக்கு வைத்தும் காட்டினார். கணையத் தலைக்கு 64 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, துளைக்காரர் 7 நாளில் வீட்டுக்குப் போனார்கள், திறந்தவர்கள் 13 நாள் கிடந்தார்கள் என்று 2017இல் எழுதினார். தமிழ்நாட்டுக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. சீட்டுக் குலுக்கிப் பார்க்காமல் வீடியோ மட்டும் காட்டி ஊரை மயக்கிய சேர்ஜன்மாரையும் நான் கண்டிருக்கிறேன்.

கொழும்புத் தியேட்டருக்குள் இது தொண்ணூறுகளில் வந்தது. முதல் நாள் பெரிய லைட்டை நிப்பாட்டச் சொன்னார்கள். இருட்டில் ஒபரேஷன் செய்வதை அதுவரை நான் பார்த்ததில்லை. ஒரு டிவி, ஒரு காபனீரொட்சைட்டு சிலிண்டர், பாம்பு மாதிரி வயர்கள். வயிற்றுக்குள் வாயுவை அடித்து ஊதவைத்தார்கள். அன்றுவரை என் தொழில், சேர்ஜன் கையை நீட்டினால் அந்த உள்ளங்கையில் சரியான கருவியைச் சரியான பக்கமாக, சத்தம் வரும்படி வைப்பது. இப்போது சேர்ஜனின் கண் டிவியில், கை அசையாது. நீளக் கருவியின் நுனியை நானே துளை வாய்க்குள் கொண்டுபோய் விட வேண்டும். கருவிகளைக் கொதிநீராவியில் போட முடியாது, இரண்டு நோயாளிக்கு நடுவில் சைடெக்ஸ் திரவத்தில் ஊறப்போட வேண்டும். அந்த மணம் கண்ணை எரிக்கும். கணக்கெடுக்கிற துணிகள் குறைந்தன, அது பெரிய நிம்மதி. சேர்ஜன்மாருக்குக் கழுத்து வலி தொடங்கியது.

பித்தப்பை, குடல்வால், குடல் என்று எல்லாம் போன பிறகு கடைசியாகத்தான் ஈரல். 1992இல் கன்யே, அடுத்த வருஷம் பெல்ஜியத்தில் அசாக்றா என்று ஆங்காங்கே துணிந்தார்கள். பயம் மூன்று. வாயு வெட்டிய நாளத்துக்குள் புகுந்து இதயத்துக்குப் போய்விடும் என்பது ஒன்று. இரத்தம் பாய்ந்தால் உள்ளே விட்டு அமத்துவதற்குக் கை இல்லை என்பது அடுத்தது. மூன்றாவது எனக்குச் சிரிப்பு வரவழைத்தது. குடல் புற்றைத் துளை வழியே எடுத்த சிலருக்கு அந்தத் துளை போட்ட தோலிலேயே கட்டி வந்தது. உலகமெங்கும் சேர்ஜன்மார் கலங்கிப்போய் ஓட்டை போட்டால் பரவுமோ என்று ஆராய்ந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் வெற்றிலை போட்டபடி சொல்லிக்கொண்டிருந்ததைக் கொஞ்சக் காலம் பேராசிரியர்மாரும் சொன்னார்கள். பிறகு கட்டியை உறைக்குள் போட்டு வெளியே எடுக்கப் பழகியதும், 2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுக்குத் துளையையும் வெட்டையும் வைத்துப் பார்த்த பெரிய ஒப்பீடு வந்ததும் அந்தப் பயம் அடங்கியது.

கை போன இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் வந்தது. துளை வழியே போகிற மெல்லிய ஒன்று. இன்னொன்று எதிர்பாராமல் நடந்தது. வயிற்றுக்குள் அடித்த வாயுவின் அழுத்தமே நாளங்களை லேசாக அமத்திப் பிடித்ததால், திறந்து வெட்டும்போது கசிகிற இரத்தம் துளையில் குறைந்தது. ஆனாலும் ஈரலின் பின்பக்கம், குய்நோவின் ஏழாம் எட்டாம் பகுதிகள், துளைக்காரருக்கு இன்னும் எட்டாக் கொப்பு. திறந்து செய்கிறவர்கள் அதற்கென்று போடுகிற வெட்டு பென்ஸ் காரின் முத்திரை மாதிரி மூன்று கீற்றாக இருக்கும், பெயரே மேர்சிடிஸ் வெட்டு. அந்தத் தழும்போடு வருகிறவர் கோயிலில் சட்டை கழற்றினால் பின்வரிசை திரும்பிப் பார்க்கும்.

எது நல்லது என்ற கேள்விக்கு நேரான பதில் ஒஸ்லோவில் இருந்து வந்தது. 2012இல் இருந்து 2016 வரை, குடலில் இருந்து ஈரலுக்குப் போன 280 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஈரலில் பெரிய பங்கை எடுக்காமல் கட்டியைச் சுற்றி மட்டும் வெட்டுகிற ஒபரேஷன். சிக்கல் வந்தது துளையில் 19 வீதத்தினருக்கு, திறந்ததில் 31. ஆஸ்பத்திரியில் கிடந்தது 53 மணித்தியாலம், மற்றவர்கள் 96. ஐந்து வருஷத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் துளையில் 54 வீதம், திறந்ததில் 55. பாதி ஈரலை எடுக்கிற பெரிய ஒபரேஷனுக்கு 2024இல் இன்னொரு ஒப்பீடு, 352 பேர். எழுந்து நடமாடித் தன் வேலையைத் தானே பார்க்கத் துளைக்காரருக்கு 4 நாள், மற்றவர்களுக்கு 5. ஒரு நாள் வித்தியாசம்.

இதை நான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லும்போது முகம் வாடும். சின்ன ஓட்டை என்றால் கூட நாள் இருக்கலாம் என்று நினைத்து வந்தவர்கள். ஆயுளைத் துளை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கட்டிலில் கிடக்கிற நாளைத்தான் குறைத்தது. சிலருக்கு அது சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். டெல்கந்தையில் திரீவீலர் ஓட்டுகிற ஒருவருக்கு இரண்டு நாள் என்பது லீசிங் தவணை. காயம் சீக்கிரம் ஆறினால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போடாமல் ஏற்றலாம். பழைய நீள வெட்டில் வயிறு பிதுங்கி இரண்டாம் தரம் தைக்க வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பேச ஆட்கள் குறைவு. துளை வழியே ஈரலை வெட்டும் கருவிகளில் பாதி ஒருதரம் பாவித்து எறிகிறவை. ஸ்ரேப்ளர் தோட்டா, வெட்டிக்கொண்டே சுட்டு மூடுகிற அலைக் கத்தி, எல்லாம் டொலரில் வருபவை. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது மருந்துக்கே வழியில்லாமல் ஆஸ்பத்திரிகள் வழக்கமான ஒபரேஷன்களைத் தள்ளிவைத்ததை எல்லோரும் கண்டோம். அப்போது எனக்கு 2005இல் சூரிச்சில் இருந்து வந்த ஒரு ஒப்பீடு ஞாபகம் வந்தது. திறந்து செய்கிற ஈரல் ஒபரேஷனில் சதையைப் பிரிக்க நாலு முறை. அலைக் கருவி, நீர்த்தாரைக் கருவி, சுட்டு மூடும் கருவி, நாலாவது சாதாரண கிளாம்ப். வாயிலை அடைத்துவிட்டுக் கிளாம்பால் சதையை நசுக்கி, மிஞ்சுகிற குழாயைக் கட்டுவது. துங் விரலால் செய்ததை உருக்கால் செய்வது, அவ்வளவுதான். 100 பேரில் பார்த்தார்கள். வேகமும் இரத்தச் சேமிப்பும் செலவுக் குறைவும் கிளாம்புக்குத்தான். அந்தக் கிளாம்ப் நூறு தடவை நீராவியில் வேகும், மழுங்காது. எங்கள் அரச ஆஸ்பத்திரித் தட்டுகளில் என் மகளின் வயதைவிடக் கூடின கிளாம்ப்கள் இருக்கின்றன.

ஆகவே வருகிறவர்களை நான் வேறு விஷயம் விசாரிக்கச் சொல்வேன். அந்த இடத்தில் வருஷத்துக்கு எத்தனை ஈரல் வெட்டுகிறார்கள்? ஈரல் சேர்ஜனும் மருந்து ஏற்றுகிற டொக்டரும் ஸ்கேன் பார்க்கிறவரும் ஒரு மேசையில் இருந்து இந்த ஸ்கேனைப் பார்த்தார்களா? கட்டி எந்தப் பகுதியில்? தனியார் ஆஸ்பத்திரிகளில் துளை என்ற சொல்லைப் பெரிதாக எழுதி விற்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துளை, எனக்கு மட்டும் ஏன் வெட்டு என்று கோபித்து ஆஸ்பத்திரி மாறியவர் ஒருவர் எனக்குத் தெரியும். மாறிப் போன இடத்திலும் கடைசியில் வெட்டுத்தான். சம்மதப் பத்திரத்தில் எந்தச் சேர்ஜனும் இரண்டையும் எழுதித்தான் கையெழுத்து வாங்குவார், துளையில் தொடங்குவோம், தேவைப்பட்டால் திறப்போம் என்று. திறக்கிற தட்டை மூடிக் கட்டி ஓரத்தில் தயாராக வைப்பது நேர்ஸின் வேலை. இரத்தம் பாய்ந்து “ஓப்பன்” என்று சத்தம் வந்தால் அந்தத் துணி முடிச்சை அவிழ்க்க எடுக்கிற நேரம்தான் எங்களுக்குப் பரீட்சை.

இப்போது இரண்டு கத்திக்கும் போட்டியாக மூன்றாவது ஒன்று வந்திருக்கிறது. தோல் வழியே ஊசி விட்டு மைக்ரோவேவில் கட்டியைச் சுடுவது. மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு அது வெட்டுக்குக் குறைந்ததில்லை என்று ஒரு பெரிய ஐரோப்பிய ஒப்பீடு சொல்லிவிட்டது. துளைக்காரர் திறப்பவரைப் பார்த்துச் சிரித்ததுபோல ஊசிக்காரர் துளைக்காரரைப் பார்த்துச் சிரிக்கும் காலம் தூரத்தில் இல்லை.

டெல்கந்தைத் திரீவீலர்காரருக்கு இரண்டு கட்டி, இரண்டும் ஏழாம் பகுதியில், பெரிய நாளத்தோடு ஒட்டி. சுடவும் ஏலாது, துளையும் சரிவராது என்று திறந்தே செய்தார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். பார்க்கப் போனேன். மனைவி பிளேன்ரீயோடு வந்து, “மிஸ்ஸி, பழைய மாதிரியாத்தான் வெட்டியிருக்கினம் போல, நல்ல டொக்டர்தானா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். நல்ல டொக்டர்தான் என்றேன். சதையை எதனால் பிரித்தார்கள், கிளாம்பா அலைக் கருவியா, எத்தனை தரம் வாயிலை அடைத்தார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு நமநமத்தது. ஒபரேஷன் முழுக்க நன்றாக உறங்கியிருந்த மனிதனிடம் அதைக் கேட்டு என்ன பிரயோசனம்?